'கிரேடிங்': ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம். பாடசாலைக் கண்காட்சிக்காக மாணவர்கள் வீட்டிலிருந்த பழைய வெளிநாட்டுக் காசுகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒல்லாந்தக் கம்பனியின் செப்புத் துட்டு, ஒருவனின் பூட்டன் மலாயாவிலிருந்து கொண்டுவந்த 1920ஆம் ஆண்டுச் சதுரச் சதம், 1835ஆம் ஆண்டுக் கால் அணா. அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எழுத்து எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து நிலையைக் குறிப்பதைச் சேகரிப்போர் 'கிரேடிங்' என்கிறார்கள். 'தரப்படுத்தல்' என்று எழுதினேன். பார்த்த முதல் தகப்பனே, "பல்கலைக்கழக அனுமதியைப் பற்றியா?" என்று கேட்டார். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட முறைக்கு அந்தப் பெயர்; அன்றிலிருந்து அந்தச் சொல் நம்மிடம் அந்தப் பொருளில் இறுகிவிட்டது. வேறு சொல் தாருங்கள்.

முல்லைத்தீவிலிருந்து:

பிள்ளை, சொல் நம்மிடமே இருக்கிறது. நாணயம் சோதிப்பவனைப் பழந்தமிழர் வண்ணக்கன் என்றார்கள். வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று சங்கப் புலவர் ஒருவரே இருக்கிறார். மட்டக்களப்புக் கோயில்களில் இன்றும் வண்ணக்கர் உண்டு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. அந்தப் பொன்னை நோட்டம் பார்க்க இங்கே ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? ஆகவே 'வண்ணக்கம்'.

வவுனியாவிலிருந்து:

ஐயா, மட்டக்களப்பில் வண்ணக்கர் கோயிலை நிர்வகிப்பவர். வன்னிப் பிள்ளைக்கு 'வண்ணக்கம்' என்றால் நிறப்பூச்சுத்தான் நினைவுக்கு வரும். நீங்களே உங்களை அறியாமல் சரியான சொல்லை எழுதிவிட்டீர்கள்: நோட்டம். காசு சோதிப்பவனை நோட்டக்காரன் என்று அகராதியே சொல்கிறது.

டீச்சருக்கு இன்னொன்று. படிகளின் பெயர்களை நேராகப் பெயர்க்க வேண்டாம். காசின் நிலையைக் குறிக்க அமெரிக்கச் சேகரிப்பாளர் ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோல் 1 முதல் 70 வரை போகிறது. அதில் 'குட்' நான்கில்தான் தொடங்குகிறது. உருவம் மழுங்கி வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய காசு அது. அதற்கு 'நன்று' என்று அட்டை வைத்தால் பிள்ளைகளுக்குப் பொய் சொன்னதாகிவிடும். மழுங்கல், தேய்ந்தது, துலக்கம், புழங்காதது என்று கண்ணுக்குத் தெரிவதையே சொல்லுங்கள்.

மாங்குளத்திலிருந்து:

'நோட்டம்' எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊரில் வீட்டை நோட்டம் பார்த்தான் என்றால் களவுக்கு வந்தான் என்று பொருள். 'தேய்வுநிலை' போதும். கணக்கியல் பிள்ளைகளுக்குப் பெறுமானத் தேய்வு நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், இரண்டும் தேய்வுதானே.

முல்லைத்தீவிலிருந்து:

இரண்டும் ஒன்றல்ல. பெறுமானத் தேய்வு என்பது ஒரு சொத்தின் மதிப்பை ஆண்டுக் கணக்கில் கழிப்பது. காசு பெட்டியில் நூறு ஆண்டு கிடந்தாலும் கைபடாவிட்டால் தேயாது. 'புழங்காதது' நல்ல சொல். காசோடு சேர்த்து எழுதினால் புழங்காக் காசு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும், ஒற்றை விட்டுவிடாதீர்கள். தூய்மை பேசுகிறேன் என்று வருந்த வேண்டாம். துட்டு ஒல்லாந்தச் சொல். அதை நான் எதிர்க்கவில்லையே. நம் காசும் போர்த்துக்கேயர் வாயில் ஏறி ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. வந்த சொல்லுக்கு இடம் கொடுக்கும் நாம் வண்ணக்கனைத் துரத்துவதுதான் எனக்கு வலிக்கிறது.

கிளிநொச்சியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. சொல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் துட்டு போய்விட்டது. கொண்டுவந்த சிறுவன் நேற்றிரவு புளி போட்டு மினுக்கியிருக்கிறான். காலம் படிய வைத்த கருஞ்செம்மை முழுவதும் போய், புதுப் பித்தளைபோல இளிக்கிறது. சேகரிப்போர் இனி அதற்கு நல்ல விலை கொடுக்க மாட்டார்கள். அவன் அழுதுவிட்டான், முன்பே சொல்லியிருக்க வேண்டியது நான். ஆகவே முதல் அட்டையில் "பழங்காசைத் தேய்க்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறேன். கால் அணா அட்டையில், ஆண்டு பழையது என்பதற்காக விலை ஏறாது, 1835ஆம் ஆண்டுக் காசு இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது என்று போட்டேன். தலைப்பு 'நோட்டம்'. படிகளின் பெயர் வவுனியா சொன்னபடி. மாங்குளத்து அண்ணா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாங்குளத்திலிருந்து:

பொறுக்கிறேன். அட்டைக்குக் கீழே சிறிய எழுத்தில் 'தேய்வுநிலை' என்றும் போடுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து:

அச்சிடுங்கள், பிள்ளை. நோட்டம் செயலின் பெயர். அதைச் செய்பவருக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்?