வெட்டூர்ணிமடம் வீட்டு குரூப்பில் லினக்ஸ் பஞ்சாயத்து

ரீனா சித்தி: பிள்ளைகளே ஒரு சந்தேகம். என் லேப்டாப்புல விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் கெடையாதுன்னு ஒண்ணு வந்து நிக்கு, கடையில கொண்டு காட்டுனா 11 இதுல ஏறாது புதுசு வாங்குங்கன்னு சொல்லுகான், டியூஷன் பிள்ளைகளுக்கு கொஸ்டின் பேப்பர் அடிக்கதுக்கு நா 40 ஆயிரத்துக்கு எங்க போவேன்

சுரேஷ் மாமா: அவனும் லேப்டாப் விக்கவன் தான ரீனா

பினு: சித்தி அவன் சொன்னதுல பாதி சரி. 2025 அக்டோபர் 14ஓட 10க்கு சப்போர்ட் நிப்பாட்டியாச்சு. 11 போடணும்னா இன்டெல் பிராசஸர்ல 8வது ஜெனரேஷன் வேணும், டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப்பும் வேணும், ஒங்களுக்கது 5வது. ஆனா லேப்டாப்புக்கு ஒரு கேடும் இல்ல, லினக்ஸ் போட்டா நல்லாட்டு ஓடும். விண்டோஸுக்கு பதிலா போடுக இலவச சிஸ்டம் அது, அதுல பல வகை உண்டு

அஜின்: சித்தி காளி லினக்ஸ் போடுங்க, செம மாஸ்

சுரேஷ் மாமா: பேரே பயமாட்டு இருக்கே

பினு: லேய் அஜின் சும்மா கெட. காளி நெட்வொர்க்குல ஓட்டை இருக்கான்னு சோதிச்சு பாக்கவங்களுக்கு உள்ளது, புதுசா வாறவங்களுக்கு இது வேண்டாம்னு அவங்களே எழுதி வச்சிருக்காவ. சித்தி கொஸ்டின் பேப்பர் அடிக்கவா, பேங்க் உடைக்கவா

அஜின்: அப்பம் ஆர்ச்

பினு: அத போட்டு முடிக்கதுக்குள்ள அரைப்பரீட்சை முடிஞ்சிரும்

ஷீபா: இங்க பாறசாலையில பிள்ளைகளுக்கு ஸ்கூல்லயே லினக்ஸ்தான் சித்தி, கேரளா ஸ்கூலுக்குன்னு உள்ள கைட்டுன்னு ஒண்ணு, உபுண்டுன்னு உள்ள லினக்ஸ்ல இருந்து செஞ்சதாம். எனக்க 5ம் கிளாஸ் பய எனக்கு சொல்லித் தருகான்

சுரேஷ் மாமா: களியக்காவிளை தாண்டுனா பெட்ரோல் வெலதான் மாறும்னு நெனச்சேன்

பினு: உபுண்டு நல்லதுதான். ஆனா சித்திக்கு மின்ட்ங்கற லினக்ஸ். அதுவும் உபுண்டுக்க மேல கட்டுனதுதான், ஆனா மெனு கீழ இடதுபக்கம், டைம் வலதுபக்கம், விண்டோஸ்ல பழகுன கைக்கு ஒண்ணையும் தேடாண்டாம். 22ன்னு உள்ள வெர்ஷனுக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇன்னு மூணு வகை இருக்கு, ஒங்க 4 ஜிபி ராமுக்கு கடைசில சொன்னது எடுத்தா இழுக்காது

சுரேஷ் மாமா: புதினா, கறுவாப்பட்டை.. கம்ப்யூட்டரா பலசரக்கு கடையா

ரீனா சித்தி: எனக்க பழைய பேப்பர் எல்லாம் பாமினி ஃபாண்ட்டுல கெடக்கு மக்களே அது என்ன ஆவும்

பினு: அந்த ஃபாண்ட் ஃபைல எடுத்து ரெண்டு கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா, வேர்டுக்கு பதிலா மின்ட்டுல உள்ள லிபர் ஆபீஸ்ல தொறக்கும், டைப் அடிக்கதும் அதே கட்டைதான். கட்டம் போட்ட பக்கம் கொஞ்சம் நகந்து நிக்கும், அத சரி பண்ணணும். ஆனா இனி அடிக்கத எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியுக யூனிகோடுல அடிங்க சித்தி, போன வாரம் நீங்க அனுப்புன வேர்ட் ஃபைல் எனக்க போன்ல தொறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடும். அதுக்கு தமிழ்99ன்னு உள்ள கீபோர்டு முறைய மின்ட்டுலயே சேத்துக்கலாம்

சுரேஷ் மாமா: அப்பம் கடை கம்ப்யூட்டர்லயும் போட்டு தாயேன். டாலி ஓடுமா

பினு: மாமா நீங்க தொடாண்டாம். டாலி விண்டோஸுக்கு உள்ளது, கணக்கு எழுதுக மெஷின்ல வெளையாடக்கூடாது

அஜின்: ஃபெடோரா, சோரின் எல்லாம் ஏன் சொல்லல்ல

பினு: நல்லதுதான்டே. ஆனா ராத்திரி 9 மணிக்கு வைஃபை போச்சுன்னு சித்தி விளிச்சா நீயா பதில் சொல்லுவ? எனக்கு தெரிஞ்சது மின்ட், அதுனால மின்ட்

அஜின்: 👍

பினு: ஆனா நேரா போட்டுராதீங்க சித்தி. எனக்க பழைய கம்ப்யூட்டர்ல நா எல்லாத்தையும் தொடச்சிட்டு போட்டேன், பெறவு பாத்தா பிரிண்டருக்கு டிரைவர் இல்ல, ரெண்டு ராத்திரி உறக்கம் போச்சு. மொதல்ல 8 ஜிபி பென்டிரைவ்ல ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர் வச்சு மின்ட்ட ஏத்தி அதுல இருந்தே ஓட்டிப் பாக்கணும், லேப்டாப்புல உள்ள ஒண்ணையும் அது தொடாது. வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூணும் பாருங்க. பென்டிரைவ்ல மெதுவாத்தான் ஓடும், அதுக்கு பயப்படாண்டாம். கையில காசு இருந்தா ஹார்ட்டிஸ்க்க மாத்தி எஸ்எஸ்டி போட்டா அப்புறம் பறக்கும்

ரீனா சித்தி: பென்டிரைவ் அஜினுக்கது ஒண்ணு மேசையில கெடக்கு

அஜின்: ஐயோ சித்தி அதுல படம் கெடக்கு

பினு: அப்பம் அத காப்பி எடுத்து வைலே, ரூஃபஸ் அதுல உள்ள எல்லாத்தையும் அழிச்சிரும். ஏத்திக் குடுக்க வேலையும் ஒனக்குதான்

*ஞாயிறு*

ரீனா சித்தி: மக்களே வந்துட்டு. எஃப்12 அமுக்குனதும் லிஸ்ட் வந்திச்சு, அதுல பென்டிரைவ் எடுத்தேன். வைஃபை கிட்டிச்சு. பிரிண்டும் வந்திச்சு, தாளு தலைகீழா வச்சிட்டேன் அது வேற விஷயம்

ஷீபா: சூப்பர் சித்தி

ரீனா சித்தி: இங்க இன்ஸ்டால்னு ஒரு படம் நிக்கு, அமுக்கட்டா

பினு: அமுக்காண்டாம் அமுக்காண்டாம்!! பழைய பேப்பர் எல்லாம் வேற எங்கயாவது காப்பி எடுத்தாச்சா

ரீனா சித்தி: எல்லாம் லேப்டாப்புலதான கெடக்கு

பினு: கைய எடுங்க சித்தி. நா வண்டி எடுத்தாச்சு, 20 நிமிசத்துல வருகேன்

ரீனா சித்தி: சரி வா, மரச்சீனி அவிச்சிருக்கு