மறுமொழி: ‘மிகைத்தீவிர நிராகரிப்பு’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். பொருத்திய உறுப்பை, ஏற்றவரின் உடல் உடனே தாக்கி அழிப்பதை ஆங்கிலத்தில் ‘hyperacute rejection’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘மிகைத்தீவிர நிராகரிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லின் மூன்று பகுதிகளும் வந்துவிடுகின்றன.

பகுதிகள் வந்துவிட்டன, சரி. பொருள்தான் வரவில்லை. ‘தீவிரம்’ என்றதும் நமக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் நினைவுக்கு வரும். ஆனால் மருத்துவர்கள் இந்த இடத்தில் சொல்ல வருவது நேரக்கணக்கு.

பன்றியின் ரத்தக்குழாய் உட்சுவரில் ஆல்ஃபா-கால் என்றொரு சர்க்கரை இருக்கிறது. மனிதருக்கும் பபூன் போன்ற ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளுக்கும் அது கிடையாது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் அதைப் போன்ற சர்க்கரை உண்டு. அதனால் கைக்குழந்தைப் பருவத்திலேயே அதைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆங்கிலத்தில் antibody) நம் ரத்தத்தில் தயாராகிவிடுகின்றன. (ஈழத்துப் பாடநூல்களின் ‘பிறபொருளெதிரி’ எனக்கு இதைவிடப் பிடிக்கும். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது.) மரபணு திருத்தப்படாத பன்றியின் நுரையீரலுக்குள் மனித ரத்தம் பாய்ந்தால், காத்திருந்த எதிர்ப்பொருள்கள் அந்தச் சர்க்கரையில் போய் ஒட்டும், அவற்றுக்குத் துணைநின்று தாக்கும் ‘நிரப்புப் புரதங்கள்’ (complement) ரத்தத்தில் கிளர்ந்தெழும், குழாய்ச்சுவர் சிதையும், ரத்தம் உறையும். எல்லாம் சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில். ஆகவே ‘உடனடி’ போதும்.

செய்தியில் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். 2024 மே மாதம் சீனாவின் குவாங்சோவில், மூளைச்சாவு அடைந்த 39 வயது ஆண் ஒருவரின் உடலில், ஆறு மரபணுத் திருத்தங்கள் செய்த பன்றியின் இடது நுரையீரலைப் பொருத்தினார்கள். ஆய்வு முடிவு 2025 ஆகஸ்டில் வெளியானது. 216 மணி நேரம், அதாவது 9 நாள், அந்த நுரையீரல் இயங்கியது. ‘மிகைத்தீவிர நிராகரிப்பு நிகழவில்லை’ என்று நாம் எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? ஏதோ லேசான தொந்தரவோடு போயிற்று என்றுதானே? உண்மையில் 24 மணி நேரத்திலேயே நுரையீரலில் கடுமையாக நீர் கோத்துக்கொண்டது. மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் எதிர்ப்பொருள்களால் சேதம் தெரிந்தது. ‘உடனடி எதிர்ப்பு இல்லை, மூன்றாம் நாள் தொடங்கியது’ என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

அப்புறம் ‘நிராகரிப்பு’. வங்கி கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும், தாள் நம் கைக்கு முழுசாகத் திரும்பி வரும். இங்கே உறுப்பு முழுசாகத் திரும்பாது. நமக்கு ‘ஒட்டு’ என்ற சொல் மாந்தோப்பிலிருந்தே கிடைக்கிறது. எனவே ‘ஒட்டெதிர்ப்பு’ என்கிறேன். முன்னொருவர் எழுதிய ‘ஒட்டாமை’ காதுக்கு இனிமைதான், ஆனால் அது மரத்துக்குப் பொருந்தும். மாங்கன்றில் ஒட்டுப் பிடிக்காவிட்டால் கிளை காய்ந்து போகும், அவ்வளவுதான். கன்று எதிர்ப்பொருளை அனுப்பி அடிப்பதில்லை.

> ‘ஒட்டெதிர்ப்பு’ என்றால் ஒட்டை எதிர்ப்பதா, ஒட்டு எதிர்ப்பதா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இரண்டும் நடக்கும். ஒட்டிய உறுப்போடு வரும் வெள்ளணுக்கள் ஏற்றவரின் உடலைத் தாக்குவதும் தனியொரு நோய். நுரையீரலில் அப்படிப்பட்ட அணுக்கள் நிறையவே உண்டு. அதற்கு ‘ஒட்டுத்தாக்கு நோய்’ என்று வைத்து, ‘ஒட்டெதிர்ப்பு’ என்பதை ஒட்டை எதிர்ப்பதற்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். தொகைச்சொல்லில் இந்தக் குழப்பம் புதிதில்லை, பழக்கத்தில் தெளிந்துவிடும்.

ஓர் உயிரினத்தின் உறுப்பை வேறோர் உயிரினத்துக்கு வைப்பதைக் குறிக்கும் ‘வேற்றின’ என்பதில்தான் எனக்கு இன்னும் தயக்கம். நாளிதழில் ‘வேற்றின உறுப்பு’ என்று வந்தால் வேறு சமூகத்தாருடைய உறுப்பு என்று ஒருவராவது படிப்பார். ‘விலங்கு ஒட்டு’ என்றால் பன்றியிலிருந்து பபூனுக்கு வைக்கும் சோதனைகள் இடிக்கும், அங்கே இரண்டுமே விலங்கு. ‘பிறிதொட்டு’ என்று ஒரு ஆசை வந்தது. பிறர் என்றால் மனிதர், பிறிது என்றால் மற்றது. ஆனால் எலியிலிருந்து இன்னொரு எலிக்கு வைப்பதும் பிறிதுதானே என்று நானே விட்டுவிட்டேன். தமிழகப் பாடநூலில் species என்பதற்கு உள்ள ‘சிற்றினம்’ நீளம்தான், என்றாலும் கலைச்சொல் பட்டியலில் ‘வேற்றுச் சிற்றின ஒட்டு’ என்றே பதிவோம். செய்தி எழுதுபவர்கள் ‘பன்றி நுரையீரல்’ என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆக, பட்டியலுக்கு நான் தருவது: உடனடி ஒட்டெதிர்ப்பு (hyperacute), குறுநாள் ஒட்டெதிர்ப்பு (acute), நெடுநாள் ஒட்டெதிர்ப்பு (chronic). பன்றியின் உறைதல் புரதம் ஒன்று, எதிர்ப்பொருளின் துணையே இல்லாமல் மனிதத் தட்டணுக்களைப் பிடித்து இழுத்து ரத்தத்தை உறைய வைக்கிறது. அதை ஒட்டெதிர்ப்பில் சேர்ப்பதா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். இதே தலைப்பில் எழுதினால் நான் தேடிக் கண்டுபிடிக்க மாட்டேன்.