தில்லி – டோக்கியோ: எந்தப் பக்கம் பயணம் நீளம்?

நெட்டைக்கால்:
பிப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு தில்லியிலிருந்து டோக்கியோ போகிறேன். போகும்போது இரவு 8 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7 மணிக்கு இறங்குகிறோம். 11 மணி நேரம்! வரும்போது காலை 11 மணிக்கு ஏறினால் மாலை 5.10க்கே தில்லி. அம்மாவுக்கு முழங்கால் வலி, அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். அதனால் போகிற பயணத்துக்கு மட்டும் கூடுதல் பணம் கட்டி நடைபாதை ஓரத்து இருக்கை வாங்கியிருக்கிறேன். வரும்போது ஆறு மணி நேரம்தானே, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். சரிதானே?

மணிக்கூண்டு:
தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் சார். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது 11இல் மூன்றரையைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். போக ஏழரை மணி, வர 9 மணி 40 நிமிடம்.

நெட்டைக்கால்:
ஐயோ! ஆனால் தூரம் ஒன்றுதானே? இரண்டு மணி நேரத்துக்கு மேல் எப்படி வித்தியாசம் வரும்?

பின்வரிசை:
காற்றுதான் காரணம். வேலை நிமித்தம் இந்த வழியில் நாலைந்து முறை போய்வந்திருக்கிறேன். ஒரு ஜனவரியில் முன்னிருக்கைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது ஜப்பானை நெருங்குகையில் வேகம் மணிக்கு 1,100 கிலோமீட்டரைத் தொட்டது. திரும்பும்போது அதே இடத்தில் 700ஐத் தாண்டவே இல்லை. விமானம் என்னவோ காற்றுக்குள் ஒரே வேகத்தில்தான் போகிறது, காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது.

அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். கோடையில் தளர்ந்து வடக்கே ஒதுங்கிவிடும். நீங்கள் போவது பிப்ரவரி, அதாவது காற்று உச்சத்தில் இருக்கும் காலம். 1920களில் பலூன் விட்டு இதைக் கண்டுபிடித்தவர் ஓயிஷி வாசபுரோ என்ற ஜப்பானியர். உலகத்துக்கே புரியட்டும் என்று அறிக்கையை எஸ்பராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் எழுதினார். ஒருவரும் கவனிக்கவில்லை, பாவம்.

நேர்கோட்டில் சுமார் 5,860 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் 900, வழிநெடுகக் காற்று 100 என்று வையுங்கள். போக 5 மணி 52 நிமிடம், வர 7 மணி 20 நிமிடம். காற்றே இல்லையென்றால் 6 மணி 31 நிமிடம். அதாவது போகும்போது மிச்சமாவது 39 நிமிடம், வரும்போது பறிபோவது 49. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் கணக்கு ஒருபோதும் சமமாகாது.

மணிக்கூண்டு:
நேர்கோட்டில் பறக்கவும் மாட்டார்கள். அந்தக் கோடு திபெத் பீடபூமிக்கு மேலே போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் மூச்சுவிட வசதியாக உடனே 3 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே சராசரி நாலரை கிலோமீட்டர்! அதனால் பெரும்பாலும் தெற்கே வங்கதேசம், மியான்மர் பக்கம் சுற்றிப் போவார்கள். அப்புறம், டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்துபோகிற நேரமும் சேர்த்தி.

நெட்டைக்கால்:
இப்போதுதான் திரும்பும் பயணத்துக்கும் ஓரத்து இருக்கை போட்டேன். போகிற இருக்கையை ரத்து செய்யட்டுமா என்று கேட்டால், "ஏழரை மணி நேரம் உனக்குக் கொஞ்சமாடா?" என்கிறார் அம்மா.