ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்: பயாப்ஸி பண்ணிக்கிட்டவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம். நாங்க பெரம்பூர். அக்காவுக்குக் கண்ணு மஞ்சளாச்சு, எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 600 தாண்டிடுச்சு. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ எல்லாமே நெகட்டிவ். ஏஎன்ஏ (சொந்த செல்களுக்கே எதிரான ஆன்டிபாடி) 1:160, ஐஜிஜி (ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புப் புரதம்) ரொம்ப அதிகம். அதனால ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸா, அதாவது நம்ம எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குற நோயா இருக்குமோன்னு டாக்டருக்குச் சந்தேகம்.

ஏஎன்ஏவை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதாம், நல்லா இருக்கிறவங்களுக்கும் பாசிட்டிவ் வருமாம். இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரு மார்க் கணக்கு இருக்காம்: ஆன்டிபாடிக்கு 2, ஐஜிஜிக்கு 2, வைரஸ் இல்லாததுக்கு 2 மார்க். 7 வந்தாதான் உறுதி, மீதி பயாப்ஸிலதான் (கல்லீரல்ல ஊசி விட்டுச் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கிறது) கிடைக்கும்னு டாக்டர் சொல்றார். (பரீட்சை மாதிரியே இருக்கு!) சில மருந்தாலயும் இதே மாதிரி வருமாம், மூட்டுவலிக்குச் சாப்பிட்ட நாட்டு மருந்து டப்பாவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கார்.

பயாப்ஸிக்கு ஒரு ராத்திரி தங்கணுமா? வலி எப்படி? ஸ்டான்லி ஆஸ்பத்திரில பண்ணிக்கிட்டவங்க இருந்தா சொல்லுங்க. பயாப்ஸி ஸ்லைடை (துணுக்கு வச்ச கண்ணாடி) இன்னொரு பேத்தாலஜிஸ்ட்கிட்ட (அதைப் பார்த்து ரிப்போர்ட் தர்ற டாக்டர்) காட்டினீங்களா? கீழாநெல்லி யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.