நம்ம குடும்பம் குழு: டெம்போ கழுவுகிற மெஷின்

கார்த்தி: மாமா, டெம்போ கழுவுகிற பிரஷர் வாஷர் மக்கர் பண்ணுகிறது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் விட்டு விட்டு அடிக்கிறது. தக்காளிச் சேறு அப்படியே இருக்கிறது.

ஓசூர் சித்தப்பா: பம்பு போச்சு. ஆன்லைனில் ஆஃபர் ஓடுகிறது, புதுசு வாங்கிவிடு.

பாலக்கோடு மாமா: அதற்குள் புதுசா மச்சான்? 😄 கார்த்தி, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறாய்?

கார்த்தி: மாடி டேங்க் பைப்.

பாலக்கோடு மாமா: அந்த ஹோஸை வாளியில் விட்டுப் பார். சின்ன மெஷினே நிமிஷத்துக்கு 6, 7 லிட்டர் குடிக்கும். வரத்து குறைந்தால் பம்பு தடுமாறி இப்படித்தான் அடிக்கும்.

கார்த்தி: 10 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்துக்குள் நிறைந்துவிட்டது.

பாலக்கோடு மாமா: அப்போ அது இல்லை. தண்ணீர் நுழைகிற வாயில் சின்ன வலை ஃபில்டர் இருக்கும், கழுவு. நாசில், அதாவது தண்ணீர் பீய்ச்சுகிற முனை, அதன் ஓட்டையில் ஊசி விட்டு அடைப்பை எடு. அப்புறம் ஒன்று: தண்ணீர் அடிக்கிற கன்னின் விசையை விட்ட பிறகும் மோட்டார் தானாக ஆன் ஆகி ஆன் ஆகி நிற்கிறதா?

கார்த்தி: ஆமாம் மாமா! ரெண்டையும் சுத்தம் பண்ணியும் அப்படித்தான். வெளியே ஒழுகல் எதுவும் இல்லை.

பாலக்கோடு மாமா: அப்படியானால் உள்ளே வால்வு. பெரும்பாலும் 3 பிஸ்டன் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் இழுக்க ஒரு வால்வு, தள்ள ஒரு வால்வு. தள்ளுகிற பக்கம் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் பிரஷர் பின்னால் கசியும். நம்ம போர் தண்ணீருக்கு உப்பு படியாமல் இருந்தால்தான் அதிசயம்.

அம்மா: புளோரைடு தானே தம்பி? அதற்குத்தானே ஒகேனக்கல் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பாலக்கோடு மாமா: அது பல்லையும் எலும்பையும் கெடுப்பது அக்கா. பம்பில் படிவது சுண்ணாம்பு.

கார்த்தி: அப்போ ஒகேனக்கல் தண்ணீரிலேயே கழுவட்டுமா?

அம்மா: குடிக்கிற தண்ணீரில் டெம்போவா? கையை ஒடித்துவிடுவேன்.

பாலக்கோடு மாமா: போரிலேயே கழுவு. முடிந்ததும் ஒரு வாளி மழைத்தண்ணீர் விட்டு ஓட்டினால் போதும். இப்போது ஒயரைப் பிடுங்கு, பைப்பை மூடு, கன்னை அழுத்திப் பிரஷரை இறக்கு. இது மூன்றும் முடியாமல் போல்ட்டில் கை வைக்காதே. வால்வை எடுக்கும்போது போட்டோ எடுத்துக்கொள், எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே திரும்பப் போகணும்.

அம்மா: பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் சட்டென்று போகுமே.

பாலக்கோடு மாமா: ஐயோ வேண்டாம் அக்கா, பம்பு தலை பித்தளையோ அலுமினியமோ, அரித்துவிடும். எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வால்வை மட்டும் அரை மணி ஊறவை. கசியாமல் இருக்க மாட்டியிருக்கிற ரப்பர் வளையம், அந்த ஓ-ரிங்கைக் கழற்றிவிட்டுப் போடு.

ஓசூர் சித்தப்பா: ஆயில் மாற்ற வேண்டாமா?

பாலக்கோடு மாமா: வீட்டு மாடல் பலதில் ஆயில் ஊற்ற வழியே இருக்காது மச்சான். கசிகிற ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் மட்டும் கவலை, வாட்டர் சீல் போய்த் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

கார்த்தி: 📷 ஒரு வால்வுக்கு அடியில் மணல். ஆயில் வெளுக்கவில்லை. ஒரு ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கிறது.

பாலக்கோடு மாமா: அவ்வளவுதான் விஷயம். கண் மதிப்பில் வாங்காதே, உள்விட்டமும் தடிமனும் அளந்து போடு.

ஓசூர் சித்தப்பா: அளவை எனக்கு அனுப்பு. இங்கே ஹைட்ராலிக் சீல் கடையில் வாங்கி சாயங்காலம் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

பாலக்கோடு மாமா: மாட்டினதும் நாசிலைக் கழற்றி வை. பைப்பைத் திறந்து கன்னை அழுத்திப் பிடி. காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகு மோட்டாரைப் போடு.