ராக் பவுன்சர் கட்ட எது நல்லது: ஆயத்த ரிஃப்டா, ரெய்த் அச்சில் சொந்தச் சட்டமா?

ஈசூன்_ஓட்டி: வணக்கம். இதுவரை பாறையில் மெதுவாக ஏறும் கிராலர் வகை ரிமோட் கார்தான் ஓட்டியிருக்கிறேன். அமெரிக்காவில் டென்னசி, அலபாமா பக்கம் ராக் பவுன்சர் எனும் குழாய்க்கூண்டு வண்டிகள் முழு வேகத்தில் பாறைச் சரிவில் பாய்ந்து ஏறுமே, அதை 1/10 அளவில் செய்ய ஆசை. கையில் 1,000 வெள்ளி இருக்கிறது. ஆக்சியல் நிறுவனத்தின் ரிஃப்ட் என்ற பவுன்சரை ஆயத்தமாக வாங்கவா, இல்லை வீட்டில் கிடக்கும் பழைய ஆக்சியல் ரெய்த் வண்டியின் அச்சுகளை வைத்துச் சட்டம் (சேசி) கட்டவா?

அச்சாணி: ரிஃப்ட் வாங்குங்கள் தம்பி. பவுன்சரில் முதலில் போவது சட்டம் இல்லை, அச்சு. வண்டி காற்றில் இருக்கும்போது சக்கரம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், பாறையில் பட்டதும் பிடி கிடைத்து நின்றுவிடும், அந்த அடி மொத்தமும் அச்சுத்தண்டுக்கும் கியருக்கும்தான் போகும், டிஃப் (இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) பூட்டியே இருப்பதால் ஒரு பக்கம் விட்டுக்கொடுக்கவும் வழியில்லை. ரெய்த்தின் ஏஆர்60, வலு குறைந்த பிரஷ்டு மோட்டாரோடு வந்த அச்சு. பிளாஸ்டிக் உறை, சி-ஹப் (முன்சக்கரம் திரும்பும் முட்டியைத் தாங்கும் பாகம்) மாட்டும் முனையில் வளையும். ரிஃப்டின் ஏஆர்14பி அச்சு வலுவான பிரஷ்லெஸ் மோட்டாருக்கென்றே வந்தது.

பாறைப்பித்தன்: அண்ணே, அச்சு பற்றிச் சொன்னது சரி, முடிவோடுதான் ஒத்துப்போக முடியவில்லை. ஏஆர்60க்கு அலுமினிய சி-ஹப், கெட்டி எஃகுத் தண்டு எல்லாம் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் ஏறுமா கவிழுமா என்பதை முடிவு செய்வது லிங்க் (அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் கம்பி) கோணமும் எடை உட்காரும் இடமும்தான். ஆன்டி-ஸ்குவாட் (வேகமெடுக்கும்போது பின்பக்கம் அமுங்காமல் தடுக்கும் விசை) அதிகமாகிவிட்டால் த்ராட்டில் கொடுத்ததும் பின்பக்கம் எகிறிக் குதிக்கும். டார்க் ட்விஸ்ட் வந்தால் உடம்பு ஒரு பக்கம் முறுக்கி, முன்சக்கரம் ஒன்று தூக்கிக்கொள்ளும். சொந்தச் சட்டம் என்றால் லிங்க் தாங்கியில் மேலும் கீழுமாகச் சில துளைகள் போட்டு, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். பேட்டரியையும் முன்னால், தாழ்வாக வைக்கலாம்.

அச்சாணி: கணக்குப் போட்டுப் பாருங்கள். உறை, சி-ஹப், தண்டு, கியர், ஷாக் என்று ஒவ்வொன்றாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவே தனி. 2023லிருந்து 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும், விற்பவர் இங்கே சிங்கப்பூரில் பதிவு செய்தவர் என்றால் ஜிஎஸ்டி உண்டு, 2024லிருந்து அது 9 விழுக்காடு. 1,000 வெள்ளி பாகங்களிலேயே கரைந்துவிடும், மோட்டாருக்கு எங்கே போவது? டார்க் ட்விஸ்டை ரிஃப்டிலும் ஸ்வே பார் (உடம்பு சாய்வதைத் தடுக்கும் கம்பி) வைத்து அடக்கலாம்.

புங்கோல்_புளோக்: எங்கே ஓட்டப் போகிறார் என்று இரண்டு பேருமே கேட்கவில்லையே. ஈஸ்ட் கோஸ்ட் அலைத்தடுப்புப் பாறை என்றால் உப்புத்தண்ணீர் பேரிங்கைத் தின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பேரிங்கின் ரப்பர் மூடியை ஊசியால் நெம்பி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அப்புறம் எந்த வண்டியானாலும் முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்குத் தனி பிஇசி (சீரான மின்னழுத்தம் தரும் கருவி) போடுங்கள். பாறையிடுக்கில் சக்கரம் மாட்டிச் சர்வோ திணறும்போது மின்னழுத்தம் இறங்கி ரிசீவர் அணைந்தால், வண்டி சரிவில் கையை விட்டுப் போய்விடும்.

பாறைப்பித்தன்: பிஇசி விஷயத்தில் மறுபேச்சே இல்லை. இன்னொன்று, கிராலர் பழக்கத்தில் சக்கரத்துக்குள் பித்தளை எடை போடாதீர்கள். சுற்றும் எடை கூடினால் அண்ணன் சொன்ன அந்த அடி இன்னும் பலமாக விழும். ஆனாலும் அண்ணே, எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கச் சொல்லவில்லையே நான். முதலில் சட்டம், முன் அச்சு, அவ்வளவுதான்.

ஈசூன்_ஓட்டி: ரெய்த்தைப் பிரித்துப் பார்த்தேன். முன் உறையில் சி-ஹப் திருகு இறங்கும் இடம் வெளுத்து, முடி அளவு விரிசல் ஓடுகிறது. அதற்கு மேல் காசு போட மனம் வரவில்லை. ரிஃப்ட்தான் வாங்குகிறேன். ஆறு மாதம் ஓட்டிவிட்டு, அதே அச்சுகளை வைத்துச் சட்டம் கட்டலாம் என்று இருக்கிறேன்.

பாறைப்பித்தன்: ஆறு மாதம் எதற்கு? கோணம் மாற்றிப் பார்க்காமல் ஓட்டிப் பழகினால் வண்டியின் குறை எது, கையின் குறை எது என்றே தெரியாது.

அச்சாணி: ஓட்டட்டும், விடுங்கள். தம்பி, 4எஸ் (நான்கு செல்) பேட்டரியை இப்போது தொடாதீர்கள். 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2200 சுற்று) மோட்டாருக்கு முழுதாக ஏற்றிய 3எஸ், அதாவது 12.6 வோல்ட், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 27,000 சுற்றுக்கு மேல் தரும். 4எஸ் போட்டால் அது 36,000ஐத் தாண்டும். வண்டி வந்ததும் பினியனுக்கும் (மோட்டாரில் உள்ள சிறிய கியர்) அதோடு பொருந்தும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை விட்டுச் சுற்றிப் பாருங்கள். கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்தால் இடைவெளி சரி.