மோட்டார்ஹோம்ல கேஎல் டு பினாங்கு: ஹைவேயா, பழைய ரோடா?

செலாயாங்காரன்:

போன ஸ்கூல் லீவுல அப்பா அம்மாவையும் சேத்து ஆறு பேரு, மோட்டார்ஹோம், அதான் படுக்கை அடுப்படியோட இருக்க பெரிய வண்டி, வாடகைக்கு எடுத்து கோலாலம்பூர்லருந்து பினாங்கு போய்ட்டு வந்தோம், அதுல நான் பண்ண கூத்த சொல்றேன், யாராச்சும் எடுக்கப் போறீங்கன்னா உதவும். ஹைவேல 350 கிலோமீட்டர் கிட்ட, நம்ம மைவி கார்ல நாலு மணி நேரத்துல போய்டலாம். ஆனா எனக்கு ஒரு பைத்தியக்கார ஆசை, இவ்ளோ காசு குடுத்து வண்டி எடுத்துட்டு ஹைவேல செம்பனைத் தோட்டத்தயா பாத்துட்டு போறதுன்னு. சரின்னு போறப்ப பழைய ரோடு, தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார், ஈப்போ, கோலகங்சார், தைப்பிங். அப்பாவுக்கு வேற குஷி, 1994ல ஹைவே முழுசா தெறக்கற வரைக்கும் எல்லாருக்கும் இதான்டா ரோடுன்னு செலாயாங்லயே ஆரம்பிச்சிட்டார்.

பீடோர் வர்றதுக்குள்ளயே புரிஞ்சிருச்சு, சீனரியெல்லாம் பின்னால உக்காந்திருக்கவங்களுக்குத்தான். நான் பாத்தது ரோட்டோர மரக்கிளையும் முன்னால போன லோரியோட பின்பக்கமும்தான். வண்டி ஒசரம் மூணு மீட்டர் இருக்கும், எந்தக் கிளை எப்ப ஒரசும்னு நெஞ்சு பக்குபக்குன்னு இருக்கு. ஒவ்வொரு டவுன்லயும் ட்ராபிக் லைட்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் பின்னால அலமாரி சாமான் ஆடுற சத்தம். தாப்பா கிட்ட ஒரு மோட்டார்சைக்கிள் திடீர்னு குறுக்க வந்துச்சு, அமுக்கினேன் பாருங்க, மேல் அலமாரிய யாரும் பூட்டல, அம்மா கட்டிட்டு வந்த புளிசாதம் டப்பாவோட கீழ. மூணு நாளைக்கு வண்டி பூரா புளிவாசனை. அம்மா வருத்தப்பட்டது வண்டிக்கு இல்ல, சாதத்துக்கு.

கோப்பேங்ல அப்பா கெல்லி அரண்மனைக்கு திருப்புன்னார். நேரம் இல்லப்பான்னேன், கேக்கல. அரண்மனைய விட பக்கத்துல இருக்க மாரியம்மன் கோயிலத்தான் அவருக்கு காட்டணும். மேல சாமி சிலைங்களுக்கு நடுவுல அரண்மனைய கட்டுன வெள்ளக்காரர் கெல்லி ஸ்மித் சிலையும் நிக்குது. வேலக்காரங்களுக்கு காய்ச்சல் கண்டு நெறைய பேர் செத்தப்ப அவங்க கேட்டாங்கன்னு கட்டிக் குடுத்தாராம். மனுசன் 1926ல லிஸ்பன்ல செத்துட்டார், அரண்மனை முடியவே இல்ல. பசங்க ரெண்டு மணி நேரம் அங்கயே ஆட்டம். யோசிச்சு பாத்தா அந்த எடத்துக்கு ஹைவேல வந்து கோப்பேங்ல எறங்கியும் போயிருக்கலாம், பழைய ரோட்ல அத்தன தூரம் உருட்டிட்டு வந்திருக்க வேணாம்.

பினாங்கு போய் சேர ராத்திரி ஒம்போதாயிருச்சு. தீவுக்கு போற ரெண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், கடல் காத்து பக்கவாட்டுல அடிக்குது, இந்த மாரி ஒசர வண்டிய லேசா தள்ளுறது ஸ்டியரிங்லயே தெரியும், கைய கெட்டியா புடிச்சிட்டே போனேன்.

திரும்பி வர்றப்ப மறுபேச்சு இல்லாம ஹைவே. டோல்ல காசு அதிகமா வெட்டுது, மெஷின் தப்புன்னு கத்த ரெடியாயிட்டேன். பொண்டாட்டி எறங்கி டயர எண்ணுங்கன்னா. பின்னால ரெட்ட டயரு, மொத்தம் ஆறு, அப்ப அது கிளாஸ் 2தான். நாலு டயர் வண்டின்னா கார் கணக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி எண்ணிருங்க லா.

பட்டர்வொர்த் அக்கா:

தம்பி, நீங்க சொல்றது ரெண்டு ரோடு இருக்க எடத்துக்கு சரி. நாங்க இங்கருந்து கோத்தாபாரு போனோம், பாலிங், கெரிக், ஜெலி, கிட்டத்து வழின்னா அது ஒண்ணுதான், சீனரியும் அதுலதான், சூஸ் பண்ண எங்க. கெரிக்லருந்து ஜெலி வரைக்கும் முக்காவாசி காடுதான், மேல ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறுது, தெமெங்கோர் ஏரி பாலத்து மேல போறப்ப எங்க வீட்டுக்காரரே வாயத் தெறந்துட்டார், அவரு லேசுல எதையும் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டார். 1982ல தெறந்த ரோடு, மொதல்ல எல்லாம் கம்யூனிஸ்டுக்காரங்க பயத்துல ராத்திரி மூடிருவாங்கன்னு எங்க மாமா சொல்வார்.

இப்ப யானை. சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு வளைவுல திரும்பினா ரோட்டோரத்துல ஒண்ணு நிக்குது. ஹார்ன் அடிக்கல, லைட்ட மினுக்கல, தள்ளியே நிறுத்திட்டு உக்காந்துட்டோம். பத்து நிமிசம் இருக்கும், அதுபாட்டுக்கு உள்ள போயிருச்சு. 2025 மே மாசம் அதே ரோட்ல லோரி மோதி குட்டி யானை செத்து, தாய் அந்த லோரிய விட்டு நகராம நின்னுச்சே, அந்த வீடியோவ நெனச்சா எனக்கு இன்னும் வயித்த கலக்கும். அதனால அந்த வழியில போறவங்க கெரிக்லயே டேங்க ரொப்பிட்டு விடியக்காலைல பனி விட்ட பொறவு கெளம்புங்க, இருட்டறதுக்குள்ள அந்தப் பக்கம் எறங்கிருங்க.

பிறை லோரி அண்ணன்:

தம்பி புளிசாத கதைய படிச்சி சிரிச்சேன், ஆனா பிரேக்க பத்தி ஒண்ணுமே எழுதலியே. ஹைவே நேர் வழின்னு அசால்ட்டா இருக்காதீங்க, ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவுல மெனோரா டன்னல் இருக்கு பாத்தீங்களா, அங்க எறக்கத்துல எத்தன லோரி கவுந்து பாத்திருக்கேன். மோட்டார்ஹோமும் தண்ணி டேங்கு கேஸு ஆளுங்கன்னு லோட் வண்டிதான். எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியர கொறச்சிருங்க, பிரேக்லயே கால வச்சிட்டு எறங்கினா சூடேறி புடிக்காம போய்டும், கருகுன வாசம் வந்தா அப்பவே லேட்டு.

செலாயாங்காரன்:

அண்ணே, வாசம் வந்துச்சு. புளிசாதம்னு நெனச்சேன். டிசம்பர்ல கேமரன் மலைக்கு போகலாம்னு வீட்ல கேக்கறாங்க, தாப்பா வழியா ஏறலாமா?

பிறை லோரி அண்ணன்:

அந்த வண்டிலயா? தாப்பா ரோடு குறுகல், வளைவுக்கு வளைவு எதுக்க பஸ் வரும். ஈப்போ தாண்டாம சிம்பாங் பூலாய்ல திரும்பி ஏறு, சுத்துதான், ஆனா ரோடு அகலம். அலமாரிய பூட்டு.